கழிப்பறைக்குப் பிறகு அது எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: "திறந்தவெளியில் மலம் கழிப்பது பெருமளவு குறைந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை இருக்கிறது. அப்படியிருந்தும் மனிதக் கழிவு நீரையும் மண்ணையும் கெடுக்கிறது, நோயைப் பரப்புகிறது என்கிறார்களே, அது எப்படி? வீட்டளவில் நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

குடிநீரையும் கழிவுநீரையும் பரிசோதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கழிப்பறை கழிவை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. கழிவை அது ஒழிப்பதில்லை. மறைந்த பிறகு அது எங்கே போகிறது, யாருடைய தண்ணீரில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுக்கும் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் திறந்தவெளியில் மலம் கழித்தவர்கள் சுமார் 41.9 கோடிப் பேர். பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் கழிவகற்றல் வசதி இல்லாதவர்களோ சுமார் 350 கோடிப் பேர். இரண்டுக்கும் நடுவில் 300 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏதோ ஒருவகைக் கழிப்பறை இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டம்தான் இல்லை, அல்லது குறையாக இருக்கிறது, அல்லது பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே கழிப்பறையாக இருக்கிறது.

முதலில் அந்தக் கழிவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஒருவரிடமிருந்து ஒரு நாளில் ஏறக்குறைய 130 கிராம் மலமும் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான சிறுநீரும் வெளியேறுகின்றன. இரண்டும் இருவேறு சிக்கல்கள் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மலத்தில் இருக்கின்றன. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனின் பெரும்பகுதியும், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸில் பாதிக்கு மேலும் சிறுநீரில் வெளியேறுகின்றன. முன்னது மனிதரைப் படுக்கையில் தள்ளும். பின்னது ஏரியைச் சாகடிக்கும்.

கிருமிகளை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். 100 மில்லி தண்ணீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு வட்டத் தாள் வழியாக இழுப்போம். பாக்டீரியாக்கள் தாளின் மேல் தங்கிவிடும். அந்தத் தாளை ஊட்டக்கூழ் தடவிய சிறு தட்டில் வைத்து, 44.5 டிகிரி சூட்டில் ஒரு நாள் விட்டுவிடுவோம். மறுநாள் மூடியைத் திறந்தால், குடலிலிருந்து வந்த ஈ.கோலி போன்ற பாக்டீரியா ஒவ்வொன்றும் பெருகி ஒரு நீலப் புள்ளியாக நிற்கும். குடிநீரில் அப்படி ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்பது விதி. கண்ணாடி போலத் தெளிந்த கிணற்று நீரில் நாற்பது, ஐம்பது புள்ளிகள் முளைத்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் நாற்றம் இருக்காது, நிறம் இருக்காது, சுவையிலும் மாற்றம் தெரியாது. கொண்டுவந்து கொடுத்தவர் "தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்குமே" என்று நம்ப மறுப்பார். சாக்கடை நீரைச் சோதிப்பதென்றாலோ லட்சம் மடங்கு நீர்த்துத்தான் வடிகட்ட வேண்டும். இல்லையென்றால் எண்ண முடியாதபடி தட்டு முழுவதும் நீலமாக அப்பிக்கொள்ளும்.

அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை நேரடியாக நோய் தருபவை அல்ல. "இந்த வழியாக மலம் வந்திருக்கிறது" என்பதற்கான சாட்சிகள் அவை. காலரா, டைபாய்டு, போலியோ, மஞ்சள் காமாலையில் சில வகைகள், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் ஆகியவை வரும் வழியும் அதே வழிதான். ரோட்டா வைரஸால் பாதிக்கப்பட்ட குழந்தையின் மலத்தில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் வைரஸ்கள் இருக்கக்கூடும். இன்னொரு குழந்தைக்குத் தொற்ற மிகச் சிலவே போதும். கை கழுவாத விரல் நுனியில் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியாத அளவு என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கழிப்பறை கட்டினால் மட்டும் போதும் என்று நம்பி ஒரு மாநகரமே ஏமாந்த கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பெருகின. வீட்டுக்கு அடியில் இருந்த குழிகள் நிரம்பி வழிந்தன. குழிகளை மூடுங்கள், எல்லாவற்றையும் சாக்கடையோடு இணையுங்கள் என்று 1848 முதல் அதிகாரிகள் முனைந்து வேலை செய்தார்கள். வீடுகள் சுத்தமாயின. சாக்கடைகள் தேம்ஸ் ஆற்றில் திறந்தன. நகருக்குக் குடிநீர் வழங்கிய கம்பெனிகளில் பல அதே ஆற்றிலிருந்துதான் நீர் எடுத்தன. 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் இறந்தார்கள்.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854-இல் அடுத்த கொள்ளைநோய் வந்தபோது ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தார். தென் லண்டனில் ஒரே தெருவில் இருந்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்துவந்தன. லாம்பெத் கம்பெனி 1852-இலேயே நீர் எடுக்கும் இடத்தை நகரத்துக்கு மேலே, சாக்கடை கலக்காத பகுதிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. சவுத்வர்க் அண்டு வாக்ஸ்ஹால் கம்பெனி பழைய இடத்திலேயே எடுத்தது. காற்று ஒன்று, தெரு ஒன்று, வருமானமும் ஏறக்குறைய ஒன்று. நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், பழைய இடத்து நீரைக் குடித்த 10,000 வீடுகளுக்கு 315 பேர் என்ற கணக்கில் இறந்தார்கள். மேலே எடுத்த நீரைக் குடித்தவர்களில் அதே அளவு வீடுகளுக்கு 37 பேர். என் துறையில் இதைவிடத் தெளிவான இரண்டு எண்களை நான் பார்த்ததில்லை.

1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. உடனே சட்டம் வந்தது. ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் ஆற்றின் இரு கரைகளிலும் பெரும் சாக்கடைகளைக் கட்டி, கழிவைக் கிழக்கே கொண்டுபோய் விட்டார். காலரா லண்டனை விட்டு நீங்கியதில் அவருடைய பங்கு மிகப் பெரியது. அதை மறுக்கவே முடியாது. ஆனால் கழிவு அங்கேயும் அப்படியே ஆற்றில்தான் கொட்டப்பட்டது. 1878-இல் அந்தக் கழிவு திறக்கும் இடத்துக்கு அருகே பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணப் படகு மூழ்கி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் விழுந்தது சற்று முன்புதான் திறந்துவிடப்பட்டிருந்த சாக்கடை நீரில். கழிவை நீருடன் கலந்து அனுப்பினால் மட்டும் போதாது, வண்டலைப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் வலுப்பெற்றது. காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே கழிவைத் தின்னச் செய்யும் முறை 1914-இல் மான்செஸ்டரில் உருவானது. இன்றைய பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படை அதுதான்.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் குடிநீர் ஏரியான மிச்சிகனைக் காப்பாற்றுவதற்காக 1900-இல் ஓர் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி, கழிவை மிசிசிப்பி பக்கம் அனுப்பியது. கீழே இருந்த மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1906-இல் தோற்றது. சிகாகோவில் டைபாய்டு குறைந்தது உண்மை. ஆனாலும் நமக்குக் கீழே ஓர் ஊர் எப்போதும் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், ஹெயிட்டி நாட்டைப் பாருங்கள். நிலநடுக்கத்தால் நொறுங்கிக் கிடந்த அந்த நாட்டில் 2010 அக்டோபரில் காலரா தோன்றியது. அதற்கு முன் குறைந்தது நூறு ஆண்டுகளாக அங்கே காலரா இருந்ததில்லை. ஐக்கிய நாடுகள் அமைதிப் படையின் முகாம் ஒன்றிலிருந்து கழிவு கசிந்து, ஆர்டிபோனிட் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் கலந்ததுதான் தொடக்கம் என்று ஆய்வுகள் காட்டின. அந்த முகாமில் கழிப்பறைகள் இருந்தன, குழாய்கள் இருந்தன, கழிவைச் சேர்த்துவைக்கத் தொட்டியும் இருந்தது. குழாயும் குழியும்தான் சரியாக இல்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பதிவான மரணங்கள் பத்தாயிரத்தை நெருங்கின. ஆற்று நீரைக் குடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள் அவர்கள். 2016-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நோயைப் போலவே ஆற்றின் மூச்சும் ஒரு கணக்குத்தான். 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மீன், நத்தை, பூச்சிப்புழு எல்லாம் அதில்தான் உயிர் வாழ வேண்டும். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரை நுண்ணுயிர்கள் சிதைத்து முடிக்க, முதல் ஐந்து நாளில் மட்டும் 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். அதாவது ஒரு குடம் சாக்கடை, ஏறக்குறைய முப்பது குடம் நல்ல நீரின் மூச்சை இழுத்துக்கொள்ளும்.

சாக்கடை கலக்கும் இடத்திலிருந்து கரையோரமாகக் கீழ்நோக்கி நடந்து பார்த்தால் இது அப்படியே தெரியும். முதலில் நீர் சாம்பல் நிறமாக, சோப்பு நுரையோடு இருக்கும். கற்களைத் தூக்கினால் நனைந்த பஞ்சு போல வழவழவென்று சாம்பல் படலம் தொங்கும். அது பாசி அல்ல, கழிவைத் தின்று பெருகிய பாக்டீரியாக் கூட்டம். இன்னும் கீழே போனால் அடிச்சேறு கருத்திருக்கும். குச்சியால் கிளறினால் குமிழி எழுந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சேற்றின் மேல் நூல் நூலாகச் சிவந்த புழுக்கள் கொத்துக்கொத்தாக ஆடிக்கொண்டிருக்கும். மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் அவை பிழைக்கும். அவற்றின் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் சிவப்பேதான். அதன் பிறகு நீர் தெளியத் தொடங்கும், பச்சைப் பாசி வரும், நத்தை வரும், வெகு தொலைவில் மீன் வரும். மக்கள் ஏமாறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது சாக்கடை கலக்கும் வாயில் அல்ல. நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி முழு வேகம் எடுக்க நேரம் ஆகும். அதற்குள் நீர் பல கிலோமீட்டர் போயிருக்கும். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் இதைச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏரிகளில் கதை வேறு. அங்கே பாஸ்பரஸ்தான் பெரும் பகை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. 1973-இல் அதில் 226-ஆம் எண் ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்து, இரு பாதிகளிலும் கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் கலந்தார்கள். சில வாரங்களில் அந்தப் பாதி பச்சைக் குழம்பாக மாறியது, மறு பாதி தெளிந்தே இருந்தது. இதில் ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரிலும் பாஸ்பரஸ் மிஞ்சியிருக்கும். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியைக் கெடுத்தது முறையாகச் சுத்திகரித்து விட்ட நீர்தான். மக்கள் வாக்களித்துப் பணம் ஒதுக்கி, 1963 முதல் 1968 வரை படிப்படியாக அந்த நீரை ஏரிக்கு வராமல் திருப்பினார்கள். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஏரி மீண்டும் தெளிந்தது. அங்கே திருப்பிவிடக் கடல் பக்கத்தில் இருந்தது. அந்த வாய்ப்பு இல்லாத இடங்களில் பாஸ்பரஸைத் தனியே பிரித்தெடுத்தாக வேண்டும். எப்படியானாலும், நீர்நிலைகளுக்குத் தாங்களே ஆறிக்கொள்ளும் சக்தி உண்டு. நாம் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இனி செப்டிக் டேங்க். பெயர் என்னவாக இருந்தாலும், நிலத்தடியில் கட்டிய அந்தத் தொட்டி கழிவைச் சுத்தம் செய்துவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் வெளியேறும், பெரும்பாலும் இவ்வளவுதான் அங்கே நடக்கிறது. வெளியேறும் நீரில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அந்த நீரைப் போதிய ஆழத்துக்கு நல்ல மண் வழியாக ஊறவிட்டால்தான் உண்மையான சுத்திகரிப்பு நடக்கும். மண் துகள்களில் கிருமி ஒட்டிக்கொண்டு சாகும். தொட்டியின் நீரை நேராகத் தெருச் சாக்கடையில் விட்டால் பாதி வேலை நடக்கவே இல்லை என்று பொருள். அடியில் கான்கிரீட் போடாத குழியாக இருந்து, நிலத்தடி நீர் மேலாக இருந்தால், குழியும் கிணறும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்கின்றன. பாறை வெடிப்புள்ள நிலத்தில் இது இன்னும் மோசம். வெடிப்பில் வடிகட்டுவதற்கு மண்ணே கிடையாது.

1854-இல் லண்டனின் பிராட் தெருவில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற அடிபம்பின் கதை பலருக்குத் தெரியும். பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் தெரியும். அந்தக் கிணற்றில் நோய் எப்படி வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய் அதன் துணிகளை அலசிய நீரை வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றினார். குழியின் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்று அடிக்கும் குறைவு. இதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற அந்தப் பகுதிப் பாதிரியார்.

கிருமிகள்கூட மண்ணில் சாகும், நைட்ரேட் சாகாது. குழிகளிலிருந்து ஊறும் தழைச்சத்து நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. அதை மீறிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்று. குடலில் வாழும் ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லட்சம் முட்டைகள் இடும். அவை ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறும் காலைத் துளைத்தே உள்ளே நுழைந்துவிடும். இவற்றோடு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், உண்ட உணவு உடம்பில் ஒட்டாது, வளர்ச்சி குன்றும் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தோம். அதனால் வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் வீடுகளுக்கு நல்ல கழிப்பறையும் கை கழுவும் வசதியும் கொடுத்துப் பெரிய ஆய்வுகள் செய்தார்கள். 2018, 2019-இல் முடிவுகள் வந்தன. குழந்தைகளின் உயரம் கூடவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, மற்ற இரு நாடுகளில் அதுவும் இல்லை. கழிப்பறையால் பயனே இல்லை என்று இதை வைத்துச் சிலர் வாதிட்டார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. ஒரு வீட்டைச் சுத்தமாக்கிவிட்டு, அக்கம்பக்கத்து மண்ணையும் நீரையும் கால்நடைக் கழிவையும் அப்படியே விட்டால், குழந்தை அதே அழுக்கில்தான் தவழ்கிறது. தெரு முழுவதும், ஊர் முழுவதும் சேர்ந்து மாறினால்தான் பலன் கிடைக்கும் என்பதே என் துணிபு.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு உடலைவிட்டு அப்படியே வெளியேறுகிறது. சாதாரண சுத்திகரிப்பு அதை முழுவதும் நீக்காது. கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஹார்மோனை ஒன்டாரியோவின் இன்னோர் ஆய்வு ஏரியில் 2001 முதல் மூன்று ஆண்டுகள் கலந்தார்கள். அளவு லிட்டருக்கு ஐந்து, ஆறு நானோகிராம்தான் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் உருவானது. ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது. நிறுத்திய சில ஆண்டுகளில் மீண்டது. ஆன்டிபயாட்டிக் மருந்தின் எச்சமும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் சாக்கடையில் ஒன்றாகக் கலக்கின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறும் இடமாக அது ஆகிவிடுகிறது.

இந்தப் பேச்சில் எப்போதும் விடுபடுகிறவர்கள், குழியில் இறங்கும் தொழிலாளர்கள். மூடிக்கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடிப் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். இன்னும் கூடினால் ஓரிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். இறங்காமலே எடுக்க இயந்திரம் இருக்கும்போது ஒரு மனிதரை இறக்குவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.

வீட்டளவில் செய்யக்கூடியவற்றைக் கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் தொட்டி எங்கே இருக்கிறது, அடியில் தளம் உண்டா, அதிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். சொந்த வீட்டிலேயே இது தெரியாதவர்கள் பலர். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மலக்கசடை லாரி வைத்து எடுத்துவிடுங்கள். நிரம்பி வழியும்வரை காத்திருந்தால், அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே கசடு வெளியேறிக்கொண்டிருக்கும். லாரிக்காரரிடம் எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்ற பதில் வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். கைக்குழந்தையின் மலம் தீங்கில்லாதது என்று வாசலிலோ குப்பையிலோ போடாதீர்கள், அதுவும் கழிப்பறைக்குள்தான் போக வேண்டும். பழைய மாத்திரை, சமையல் எண்ணெய், ஈரத் துடைப்புத் தாள் எதையும் உள்ளே போடக் கூடாது. 2017-இல் லண்டனின் ஒரு சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்கு அடைத்திருந்த 130 டன் கட்டி, கொழுப்பும் துடைப்புத் தாள்களும் சேர்ந்து இறுகியதுதான்.

கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால், மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களில் ஒருமுறை நீரைச் சோதித்துப் பாருங்கள். குழிகளில் இருப்பது நிலத்தடிக்கு இறங்குவது அப்போதுதான் அதிகம். கிருமி நீக்கிய குப்பியை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் வாயைச் சுட்டு அல்லது நன்கு துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். ஈ.கோலி, நைட்ரேட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.